நாயைக் கம்பங்களுக்கிடையே பின்னி ஓடப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்களுக்கான அஜிலிட்டி விளையாட்டில் தாண்டும் தடை, சுரங்கக் குழாய், ஏறி இறங்கும் பலகை என்று பல உண்டு. அவற்றில் பழக்குபவரை அழ வைப்பது ஒன்றுதான்: வரிசையாக நிற்கும் கம்பங்களுக்கு நடுவே, சடை பின்னுவதுபோல் இடமும் வலமுமாக நெளிந்து ஓடுவது. 'வீவ் போல்ஸ்' என்பார்கள். நான் தொழில்முறைப் பயிற்சியாளன் இல்லை. வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாய்களுக்கு இதைப் பழக்கியிருக்கிறேன். ஒன்று லாப்ரடார், இன்னொன்று தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். முதல் நாயிடம் செய்யக்கூடாததை எல்லாம் செய்தேன். இரண்டாவது நாய் அதனால் தப்பித்தது.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்திலிருந்து. 1978-ல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடையே பார்வையாளர்கள் சலிப்படையாமல் இருக்க ஏதாவது வேண்டும் என்று நினைத்தார் ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஜான் வார்லி. பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரின் உதவியோடு, குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கு ஒன்றை அமைத்தார்கள். இடைவேளையை நிரப்ப வந்தது கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது. 1980-ல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதை முறையான போட்டியாக ஏற்றது. நம் ஊரில் இன அழகைப் பார்க்கும் கண்காட்சிகள் வளர்ந்த அளவுக்கு இது வளரவில்லை. இத்தனைக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது.

எத்தனை கம்பம், எவ்வளவு இடைவெளி?

எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச அமைப்பின் விதிப்படி 12 கம்பங்கள், 60 செ.மீ. இடைவெளி. உயரம் குறைந்தது ஒரு மீட்டர், பருமன் 3 முதல் 5 செ.மீ. அமெரிக்காவில் 24 அங்குலம் என்பார்கள், கிட்டத்தட்ட அதேதான். அங்கே தொடக்க நிலைப் போட்டியில் 6 கம்பங்கள் போதும்.

நாய் சின்னதோ பெரியதோ, இடைவெளி மாறாது. தாண்டும் தடையைக் குட்டை நாய்க்குத் தாழ்த்தி வைப்பார்கள், கம்பத்துக்கு அந்தச் சலுகை இல்லை. சின்ன ஜாக் ரஸ்ஸலுக்கு 60 செ.மீ. என்பது தெரு மாதிரி, அது ஏறக்குறைய நேராகவே ஓடிவிடும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கோ ஒவ்வொரு கம்பத்திலும் உடம்பை வளைத்தாக வேண்டும்.

நாய் எந்தப் பக்கமிருந்து நுழைய வேண்டும்?

முதல் கம்பம் எப்போதும் நாயின் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். அதாவது முதல் கம்பத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வலமிருந்து இடமாக நுழைய வேண்டும். அதன்பின் இரண்டாவது கம்பம் வலப்பக்கம், மூன்றாவது இடப்பக்கம், இப்படியே கடைசி வரை. நாய் எந்தத் திசையிலிருந்து ஓடி வந்தாலும், நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் இது மாறாது. சொல்லும்போது எளிது. 30 கிலோ நாய் முழு வேகத்தில் குறுக்குக் கோணத்தில் வந்து, தானே வேகத்தைக் குறைத்து, சரியான அந்த 60 செ.மீ. சந்துக்குள் நுழைவதை நினைத்துப் பாருங்கள்.

மற்ற தடைகளைவிட இது ஏன் கடினம்?

மற்றதெல்லாம் நாய்க்கு ஏற்கெனவே தெரியும். சுவரைத் தாண்டும், கட்டிலுக்கடியில் நுழையும், குப்பை மேட்டில் ஏறும். ஆனால் வரிசையாக நாலு கம்பம் நட்டிருந்தால் எந்த நாயும் தானாக இடம் வலம் என்று நெளிந்து போகாது. பக்கவாட்டில் சுற்றிப் போகும், அல்லது ஒரு கம்பத்தில் காலைத் தூக்கும்.

நாயின் பார்வையில் ஒவ்வொரு சந்திலும் 'இப்படியே நேராக ஓடிவிடலாமே' என்ற ஆசை இருக்கிறது. பன்னிரண்டு கம்பத்தில் பதினொரு சந்து. ஒன்றில் வழி தவறினாலும் மீதி எல்லாம் தலைகீழாகும். அதனால் வழி நாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். நமக்குத் தெரிந்து நாம் கையைக் காட்டிக்கொண்டிருந்தால் பத்தாது.

கையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு, கம்பங்களுக்கிடையே நாயை இழுத்துக்கொண்டு போனால் கற்றுக்கொள்ளாதா?

நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். லாப்ரடார் அல்லவா, பிஸ்கட்டுக்காக எங்கே வேண்டுமானாலும் வரும். மூன்று வாரம் குனிந்தபடியே இடமும் வலமும் கையை ஆட்டிக்கொண்டு போனேன். நாய் அழகாகப் பின்னிக்கொண்டு வந்தது. எனக்கு முதுகுவலி வந்தது. ஒருநாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு 'போ' என்றேன். அது கம்பங்களைச் சுற்றி வந்து என் முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முகர்ந்தது.

அது கற்றுக்கொண்டது என் கையைத் தொடர்வதை மட்டும்தான். கம்பம் என்று ஒன்று அங்கே இருந்ததையே அது கவனித்திருக்காது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துப் போவதிலும் இதே கோளாறுதான், கூடவே கழுத்துக்கும் கேடு.

அப்படியானால் எந்த முறையில் பழக்குவது?

பரவலாக இருப்பவை மூன்று.

முதலாவது வாய்க்கால் முறை. ஒற்றைப்படைக் கம்பங்களை ஒரு வரிசையாகவும் இரட்டைப்படைக் கம்பங்களை இன்னொரு வரிசையாகவும் தள்ளி நட்டு, நடுவே நாய் நேராக ஓடும்படி ஒரு சந்து விடுவார்கள். நாள்பட இரு வரிசையையும் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். வெளியே போகாமல் இருக்கக் கம்பங்களுக்கிடையே வளைந்த கம்பி அல்லது குழாய் மாட்டுவதும் உண்டு. நாய்க்கு வேகம் நன்றாக வரும், ஏனென்றால் முதல் நாளிலிருந்தே அது ஓடுகிறது. ஆனால் நுழைவாயிலைத் தேடிக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியாது. வாய்க்கால்தானே அழைத்துப்போனது.

இரண்டாவதில் கம்பங்கள் ஒரே வரிசையில்தான் இருக்கும், ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்ந்து, முன்னிருந்து பார்த்தால் கிண்ணம்போல் திறந்திருக்கும். நாள் போகப்போக நிமிர்த்துவார்கள். நெளியும் அசைவு சீக்கிரம் வரும். சாய்வு மாறும் பீடம் செய்வதுதான் தொல்லை.

மூன்றாவது இரண்டிரண்டாகக் கட்டும் முறை. கனடாவைச் சேர்ந்த சூசன் காரெட் என்ற பயிற்சியாளர் பரப்பியது, 'டூ பை டூ' என்பார்கள். வெறும் இரண்டே கம்பத்தில் தொடங்கி, நாய் தானாக நுழைவாயிலைக் கண்டுபிடிக்கும் வரை பொறுமையாக இருப்பது. என் ஓட்டு இதற்குத்தான். மாடியில் இடம் குறைவு என்பது ஒரு காரணம். நுழைவதுதான் இதில் கடினமான பாடம், அதை முதல் நாளே எடுத்துவிடுகிறோம் என்பது முக்கியக் காரணம்.

அந்த முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

இரண்டு கம்பத்தை ஒரு வாசல்போல் நடுங்கள். நீங்கள் வாசலுக்கு முன்னே நில்லுங்கள், நாய் பக்கத்தில். ஒன்றும் சொல்லாதீர்கள், கையைக் காட்டாதீர்கள். நாய் முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கும், உட்காரும், தெரிந்த வித்தை எல்லாம் காட்டும். தற்செயலாக வாசல் பக்கம் ஒரு பார்வை, ஓர் அடி வைத்தாலும் உடனே 'யெஸ்' என்று சொல்லிப் பந்தை வாசலுக்கு அந்தப்புறம், நேர்க்கோட்டில் எறியுங்கள். பந்து விழும் இடம் முக்கியம். உங்கள் கையிலிருந்து கொடுத்தால் நாய் உங்களைப் பார்த்து ஓடப் பழகும். முன்னால் விழுந்தால் முன்னால் பார்த்து ஓடும்.

வாசலுக்குள் போனால் பந்து வரும் என்று புரிந்ததும், சட்டென்று அதன் உடம்பே மாறும். இதுவரை கெஞ்சியது இப்போது கட்டளையிடுகிற மாதிரி வாசலுக்குள் பாயும். நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றத் தொடங்க வேண்டிய நேரம் அது. வாசலைக் கடிகாரத்தின் நடுவில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணியிலிருந்து அனுப்பினீர்கள், இனி ஐந்து, நான்கு, பிறகு ஏழு, எட்டு. எங்கிருந்து அனுப்பினாலும் சரியான பக்கமாகச் சுற்றி வந்து நுழைய வேண்டும். தவறாகப் போனால் திட்டவும் வேண்டாம், 'நோ' என்றுகூடச் சொல்ல வேண்டாம். பந்து வரவில்லை, அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டு மறுபடி அனுப்புங்கள். இரண்டு தடவை தொடர்ந்து தப்பினால் கோணத்தைச் சுலபமாக்குங்கள்.

அப்புறம் இரண்டாவது ஜோடி. முதல் வாசலிலிருந்து 12, 15 அடி தள்ளி அதே கோட்டில் நடுங்கள். ஒன்றுக்குள் போய், ஓடி, அடுத்ததற்குள் போனால்தான் பந்து. இது சீக்கிரம் வந்துவிடும். இரண்டு ஜோடியையும் நாளுக்கு ஓர் அடி வீதம் நெருக்குங்கள், கூடவே வாசல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எல்லாக் கம்பத்தையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். நெருக்கமும் திருப்பமும் ஒரே நாளில் வேண்டாம். 60 செ.மீ. வரும்போது உங்களிடம் நான்கு கம்பம் நேராக நிற்கும், நாய் அதைப் பின்னிக்கொண்டு போகும். நான்கிலிருந்து ஆறு அதே வழி. ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு, இரண்டு ஆறு கம்ப வரிசைகளைத் தள்ளி வைத்து மெதுவாக இணைக்கலாம்.

கம்பங்களை வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக. ஹார்டுவேர் கடையில் ஒரு இஞ்ச் பி.வி.சி. பைப் கேளுங்கள், வெளிப்பருமன் 3 செ.மீ.க்குச் சற்று மேல் வரும், விதிக்குச் சரி. 20 அடி பைப் ஒன்றில் ஒரு மீட்டர் கம்பம் ஆறு கிடைக்கும். இரண்டு பைப் வாங்கினால் பன்னிரண்டும் ஆயிற்று. மண் தரை என்றால் ஒன்றரை அடி இரும்புக் கம்பியைப் பாதி வரை அடித்து, மேலே பைப்பைச் செருகிவிடுங்கள். நாய் இடித்தால் பைப் கொஞ்சம் ஆட வேண்டும். சிமெண்டில் ஊன்றி இரும்புத் தூண்போல் வைத்தால் தோளில் அடிபட்டு நாய் வெறுத்துவிடும்.

மாடிக்கு, வெல்டிங் கடையில் இரும்புப் பட்டையில் 60 செ.மீ.க்கு ஒரு கம்பி நிமிர்த்திப் பற்றவைத்து வாங்கலாம். இரண்டிரண்டு கம்பிகளாகத் தனித்தனித் துண்டாகச் செய்யச் சொல்லுங்கள். நான் ஆறு கம்பியை ஒரே பட்டையில் பற்றவைத்து வாங்கி வந்து, பிறகு அறுத்துக் கொடுக்கச் சொல்லி அதே கடைக்குப் போய் நின்றேன். பட்டை நாயின் காலில் படாதபடி மட்டமாக இருக்கட்டும், முனைகளை ராவிவிடுங்கள். ஆறு கம்பத்துக்கு 3 மீட்டர் இடம், பன்னிரண்டுக்கு 6.6 மீட்டர். முன்னும் பின்னும் ஓட இன்னும் ஐந்தாறு மீட்டராவது வேண்டும். கைப்பிடிச் சுவர் குட்டையாக இருக்கும் மாடியில் பந்து எறியவே வேண்டாம்.

எந்த வயதில் தொடங்கலாம்?

முழு வரிசையை நெளிந்து ஓடுவது தோள், முதுகெலும்பு, மணிக்கட்டு எல்லாவற்றையும் பக்கவாட்டில் முறுக்கும் வேலை. எலும்பு வளர்ந்து முடியாத குட்டிக்கு ஆகாது. ஒரு வயது வரை நெருக்கமான கம்ப வரிசையே வேண்டாம். பெரிய இன நாய்களுக்கு 15 முதல் 18 மாதம் வரை பொறுப்பது நல்லது. போட்டிகளிலும் எஃப்.சி.ஐ. 18 மாதம், அமெரிக்கன் கென்னல் கிளப் 15 மாதம் என்று குறைந்தபட்ச வயது வைத்திருக்கின்றன. குட்டிக்கு அதுவரை வேறு பாடங்கள் உண்டு: கூப்பிட்டால் வருவது, பந்தைத் திருப்பிக் கொண்டுவருவது, இரண்டு கம்ப வாசலுக்குள் நடந்து போவது.

வயதான நாய், இடுப்பு மூட்டுக் கோளாறு உள்ள நாய், டாக்ஸ்ஹண்ட் போல நீண்ட முதுகுள்ள நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உடம்பு கூடிய லாப்ரடாரை முதலில் இளைக்க வையுங்கள். என் நாய் 4 கிலோ குறைந்த பிறகுதான் கம்பங்களை ஒழுங்காக எட்டியது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

காலையில் ஐந்தாறு ஓட்டம், மாலையில் ஐந்தாறு ஓட்டம். மொத்தமே பத்து நிமிடம் தாண்டாது. 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று நமக்குத் தோன்றும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். களைத்த நாய் தப்பாக ஓடும், தப்பையும் அது பழகிக்கொள்ளும்.

என்ன கொடுத்து உற்சாகப்படுத்துவது?

எறியக்கூடியது எதுவானாலும். பந்துப் பைத்தியத்துக்குப் பந்து. தின்பதில்தான் ஆசை என்றால் பழைய சாக்ஸில் வேகவைத்த கோழித் துண்டைப் போட்டு முடிச்சிட்டு எறியுங்கள், நாய் அதை எடுத்து வந்ததும் திறந்து கொடுங்கள். பிஸ்கட் வேண்டாம். தூள் உதிரும், அடுத்த ஓட்டத்தில் நாய் மூன்றாவது கம்பத்தடியில் தரையை நக்கிக்கொண்டு நிற்கும்.

பத்தாவது கம்பத்தில் நாய் வெளியே வந்துவிடுகிறது. என்ன செய்வது?

இதைக் கேட்காதவர்களே இல்லை. மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலில் உங்கள் கால்கள். என் நாட்டு நாய் ஒன்பது கம்பம் ஒழுங்காக ஓடி, பத்தாவதில் தவறாமல் வெளியே வந்தது. நாய்க்குப் பிடிவாதம் என்று நினைத்தேன். தம்பியை விட்டு செல்போனில் படம் பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது: எங்கள் மாடியில் அந்த இடத்துக்கு நேரே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் இடிக்காமல் இருக்க நான் ஒரு நொடி நின்று தோளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நான் திரும்பினேன், அதுவும் திரும்பியது. கம்ப வரிசையை இரண்டடி தள்ளிப் போட்டேன், அன்றைக்கே சரியாகிவிட்டது.

அடுத்து, பரிசு வரும் நேரம். பத்தாவது கம்பத்தை எட்டும்போதே நீங்கள் எறியக் கையை ஓங்கினால் நாய் பந்தைத் தேடத் தலையைத் தூக்கும். கடைசிக் கம்பத்தைக் கடந்த பிறகு கையை அசையுங்கள், அல்லது வேறொருவரை முன்னால் நின்று எறியச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வலு. ஆறு கம்பம் பழகிய உடம்புக்குப் பன்னிரண்டு கனம்தான். இரண்டு வாரம் எட்டு, பத்து என்று நிறுத்தி ஏற்றுங்கள். வழக்கத்துக்கு மாறாக எப்போதும் ஒரே பக்கம் வெளியேறினால் அல்லது ஓடிய பிறகு நொண்டினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சில நாய்கள் குதித்துக் குதித்துப் போகின்றன, சில நடப்பதுபோல் போகின்றன. எது சரி?

இரண்டும் சரி. முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒவ்வொரு சந்திலும் முயல்போல் துள்ளுவது ஒன்று. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு முன்னங்கால் என்று மாற்றி மாற்றி நீந்துவதுபோல் போவது இன்னொன்று. நீளமான காலுள்ள நாய்களுக்கு இரண்டாவது பெரும்பாலும் வேகம் கொடுக்கும். நாயின் உடம்பு தனக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும், நாம் திருத்தப் போக வேண்டாம். தேர்ந்த பார்டர் கோலிகள் பன்னிரண்டு கம்பத்தையும் இரண்டு மூன்று விநாடியில் முடிப்பதைப் பார்த்துவிட்டு உங்கள் நாயைக் குறைத்துப் பேசாதீர்கள். அதற்கும் காது இருக்கிறது.

என்ன சொல் சொல்லி அனுப்புவது?

'வீவ்' என்பார்கள். நான் 'பின்னு' என்கிறேன். எதுவானாலும் 'வா', 'நில்' போன்ற மற்றச் சொற்களோடு குழம்பாததாக இருக்கட்டும். வாசலுக்குள் தானாகப் பாயத் தொடங்கிய பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும். ஓடும்போது 'பின்னு பின்னு பின்னு' என்று பஜனை வேண்டாம், ஒருமுறை போதும்.

நம் ஊர் வெயிலில் எப்படி?

காலை ஏழுக்கு முன், அல்லது பொழுது சாய்ந்த பிறகு. மாடித் தளம் மாலை ஆறரைக்கும் சுடும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள், உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு வழக்கத்தைவிடச் சிவப்பது எல்லாம் நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, காற்றுப் படும்படி வையுங்கள். தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். பக், ஷீட்ஸு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கோடையில் இந்த விளையாட்டே வேண்டாம்.

வழவழப்பான டைல்ஸ் தரையிலும் வேண்டாம். நகத்தை வெட்டி வையுங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, நாட்டு நாய்களுக்கு இது வருமா?

வரும், ஆனால் வழி வேறு. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. ஓடுகிற ஒன்றைக் கண்ணால் பிடித்துத் துரத்துவது இரத்தத்தில் இருக்கிறது. சிப்பிப்பாறைக்குக் கோழித் துண்டைவிட, நீளக் கயிற்றில் கட்டித் தரையில் இழுக்கும் துணி பெரிய ஆசை காட்டும். நீண்ட காலும் நேர் ஓட்டமும் கொண்ட உடம்பு என்பதால் நெளியக் கூடுதல் நாள் பிடிக்கும். ராஜபாளையம் ஒரே காரியத்தைப் பத்து தடவை செய்யச் சொன்னால் 'உனக்கு வேறு வேலை இல்லையா' என்பதுபோல் பார்க்கும். மூன்று ஓட்டத்தோடு விட்டுவிடுங்கள்.

தெருவிலிருந்து வந்த நாட்டு நாய்க்குக் கம்பு என்றாலே பயம் இருக்கலாம். யாரோ எப்போதோ அடித்திருப்பார்கள். என் நாய் முதல் நாள் பைப்பைக் கையில் பார்த்ததும் மாடிப்படியில் இறங்கிவிட்டது. கம்பங்களைத் தரையில் படுக்க வைத்து, அதன் பக்கத்தில் ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டை வைத்தேன். நாய் இல்லாத நேரத்தில்தான் நட்டேன். அதன் கண் முன்னால் கம்பத்தைக் கையில் எடுப்பதே இல்லை, இன்றைக்கும்.

போட்டியில் தவறினால் என்ன ஆகும்?

எஃப்.சி.ஐ. விதியில், தவறான சந்தில் நுழைந்தால் ஒவ்வொரு முறையும் 'மறுப்பு' என்று 5 புள்ளி. ஓட்டத்தில் மூன்று மறுப்பு சேர்ந்தால் வெளியே. உள்ளே போன பிறகு சந்தைத் தவறவிட்டால் 5 புள்ளி, அது ஒருமுறைதான் எண்ணப்படும். ஆனால் திருத்திக்கொள்ளாமல் அடுத்த தடைக்கு ஓடினால் அதுவும் வெளியே.

பழக எத்தனை நாள் ஆகும்?

சில பயிற்சியாளர்கள் இரண்டு வாரக் கணக்குச் சொல்வார்கள். வேலைக்குப் போய்வந்து, மழை நாளில் விடுமுறை விட்டு, வீட்டு மாடியில் பழக்குபவருக்கு நேராக நிற்கும் ஆறு கம்பத்துக்கு இரண்டு மாதம், பன்னிரண்டுக்கு நான்கு மாதம் என்று வையுங்கள். லாப்ரடாருக்கு எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் மூன்று வாரம் பிஸ்கட்டோடு போனது, இன்னும் மூன்று வாரம் அதை மறக்கடிப்பதில் போனது. நாட்டு நாய் மூன்றரை மாதத்தில் முடித்தது. இப்போது மாடிக்கு வந்ததும் நான் சொல்லுமுன்பே ஒருமுறை பின்னி ஓடிவிட்டு, பந்து எங்கே என்று திரும்பிப் பார்க்கும். சொல்லாமல் ஓடியதற்குப் பந்து கொடுக்கலாமா என்று கேட்டால், கூடாது. நான் கொடுத்துவிடுகிறேன்.